பள்ளிக்கு வந்த திரையும் ஆசிரியருக்கு வேண்டிய துணையும்

பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றியே பேசுகின்றனர். கூரை ஒழுகுகிறதா, சுற்றுச்சுவர் உண்டா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்பன அவர்கள் கேட்கும் கேள்விகள். அவை நியாயமான கேள்விகளே. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் கட்டடங்களைப் பேணும் பொறுப்பு ஒன்றியத்தைச் சார்ந்ததாகையால், அவற்றுக்கு விடை கூற நாமும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அண்மைக் காலத்தில் அக்கட்டடங்களுக்குள் புதிதாகச் சில பொருள்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் வேலையையும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி வழங்கும் வேலையையும் தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் மேற்கொண்டது. சுவரில் ஒரு பெரிய திரை, அதனோடு இணைய இணைப்பு, ஆசிரியர் கையில் ஒரு சிறு கருவி என்று சிற்றூர்ப் பள்ளியின் தோற்றமே மாறி வருகிறது. இம்மாற்றத்தால் பிள்ளைகளின் படிப்பு மாறுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமானால் திரையைப் பார்த்துப் பயனில்லை; திரைக்கு அருகில் நிற்கும் ஆசிரியரைப் பார்க்க வேண்டும்.

இதை நாம் நம் சொந்தத் தவறு ஒன்றிலிருந்தே அறிந்துகொண்டோம். அதை மறைப்பதற்கில்லை.

கருவிகள் வந்திறங்கிய நாட்களில், எத்தனை பள்ளிகளில் பொருத்தியாயிற்று என்று கணக்குக் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. மின்வயர் இழுப்பது, சுவரைப் பூசுவது, சன்னலுக்குக் கம்பி வைப்பது ஆகிய வேலைகள் நம் ஒன்றியப் பொறியாளர்களைச் சேர்ந்தவை. அவை முடிந்தன, பொருத்தும் வேலையும் முடிந்தது. நூற்றுக்கு நூறு நிறைவேறிவிட்டதாக அறிக்கை அனுப்பினோம். அத்துடன், விலையுயர்ந்த உபகரணம் ஆகையால் அதைப் பாதுகாப்பது தலைமையாசிரியரின் நேரடிப் பொறுப்பு என்றும், அலட்சியத்தால் பழுது ஏற்பட்டால் அதற்குரிய தொகை அவரிடமிருந்து வசூலிக்கப்படலாம் என்றும் ஒரு சுற்றறிக்கை நம் அலுவலகத்திலிருந்து சென்றது. அப்போது அது முன்யோசனையுள்ள காரியமாகவே நமக்குத் தோன்றிற்று.

ஆறு மாதங்கள் கழித்து, ஒன்றியத்தின் கடைமடைப் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குக் கழிப்பறை வேலையைப் பார்வையிடச் சென்றோம். இரண்டு ஆசிரியைகள், நாற்பதுக்கும் குறைந்த பிள்ளைகள். திரையை எங்கே காணோம் என்று கேட்டோம். அது காணாமற் போகவில்லை. சுவரிலேயே இருந்தது, ஒரு பழைய போர்வையால் நன்றாகப் போர்த்தி, நான்கு மூலைகளிலும் சணற்கயிற்றால் கட்டியிருந்தார்கள். சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் போர்வையை எடுப்பார்களாம். கைக்கணினியோ பீரோவில் பூட்டப்பட்டு, வருகைப் பதிவு அனுப்பும் வேளையில் மட்டும் வெளியே வருமாம்.

தலைமையாசிரியை நம்மை உட்கார வைத்துவிட்டு, கோப்பிலிருந்து நமது சுற்றறிக்கையையே எடுத்து நம்மிடம் காட்டினார். "ஐயா, எனக்குப் பணி நிறைவுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள்தாம் இருக்கின்றன. இந்த நிலையில் இதைத் தொட்டு, அது பழுதாகி, நான் ஏன் தணிக்கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்?" என்று அமைதியாகக் கேட்டார். நமக்கு விடை கிடைக்கவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. பயன்படுத்திப் பழுதாக்கியவருக்குத்தான் விளக்கம் கேட்டு ஓலை வருகிறது. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஆசிரியர்கள் புதுமையை விரும்புவதில்லை என்று நாம் குறை கூறுவது எவ்வகையில் பொருந்தும்?

திரும்பி வந்த மறுவாரமே, இயல்பான தேய்மானத்தாலும் மின்சாரக் கோளாற்றாலும் ஏற்படும் பழுதுக்கு எந்த ஆசிரியரும் பொறுப்பாளி அல்லர் என்று விளக்கி மற்றொரு கடிதம் அனுப்பினோம். போர்வைகள் ஒவ்வொன்றாக விலகத் தொடங்கின. ஆனால் போர்வை விலகியதும் பாடம் தொடங்கிவிடவில்லை.

விவசாயிகளுக்கு இது புதிய செய்தியாக இராது. திருந்திய நெல் சாகுபடி முறை நம் மாநிலத்தில் பரவிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒரு நாற்று, சதுர நடவு, உருளும் களைக்கருவி என்று சொன்னபோது எத்தனை பேர் நம்பினோம்? விளக்கக் கூட்டத்தில் கைதட்டியவர்கள் மறுநாள் பழையபடியே முற்றிய நாற்றைக் கொத்தாக நட்டார்கள். களைக்கருவிகள் பல ஊர்களில் கொட்டகையில் துருப்பிடித்தன. பிறகு பக்கத்து வயல்காரர் ஒருவர் துணிந்து அரை ஏக்கரில் நட்டு, தூர் வெடித்து நின்றதை மற்றவர்கள் வரப்பில் நின்று கண்ணால் பார்த்த பின்னரே அம்முறை நகர்ந்தது. அப்போதும், கருவியைத் தள்ளத் தெரிந்த ஆள் அகப்படாத ஊரில் அது நகரவில்லை. ஆசிரியர் விஷயமும் இதுவே. அரங்கத்தில் கேட்ட சொற்பொழிவு அவரை மாற்றாது. பக்கத்துப் பள்ளியில், தம்மைப் போன்ற ஒருவர், தம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைப் பார்த்தால் மாறுவார்.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்குப் பிற நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு மடிக்கணினிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. நல்ல எண்ணத்தோடு செய்த பெருஞ்செலவு அது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்த முடிவு 2012-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கணிதத்திலும் மொழியிலும், கணினி பெற்ற பள்ளிகளுக்கும் பெறாத பள்ளிகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. கணினியைக் கையாளும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்தது, பாடம் வரவில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு மாறான ஓர் அனுபவமும் இருக்கிறது. டில்லியில் 2015-ஆம் ஆண்டில் பள்ளி நேரத்திற்குப் பின் நடந்த பயிற்சி நிலையங்களில், நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் கணினி வழியே கணக்கும் இந்தியும் பயின்றனர். ஏறத்தாழ நாலரை மாதங்களில் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிடக் கணிசமாக முன்னேறியிருந்ததை ஆய்வு காட்டிற்று. காரணம் கணினியின் பளபளப்பு அன்று. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தெரிந்தது மூன்றாம் வகுப்புக் கணக்கு என்றால், அக்கருவி மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்தே தொடங்கிற்று. பிள்ளை நிற்கும் படியைக் கண்டறிந்து அப்படியிலிருந்து கைதூக்கிவிடுவது நல்லாசிரியர் எப்போதும் செய்ய விரும்பும் காரியமாகும். நாற்பது பேரை வைத்துக்கொண்டு அவரால் தனியாகச் செய்ய இயலாததற்குக் கருவி துணை நின்றது. கருவியால் பயன் உண்டா இல்லையா என்று பொதுப்படக் கேட்பது வீண் என்பது இவ்விரு அனுபவங்களிலிருந்தும் தெரிகிறது. வகுப்பறையின் எந்த இடர்ப்பாட்டுக்கு அதைப் பயன்படுத்துகிறோம் என்பதே கேட்க வேண்டியது.

இன்னும் பழைய அனுபவம் ஒன்றையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் ஒளிபரப்பிய சோதனையை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் நடத்திற்று. ஆந்திரம், கர்நாடகம், ஒரிஸ்ஸா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் அதில் பங்கு கொண்டன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊராருக்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. அச்சோதனையின் பெருமையாகப் பலரும் செயற்கைக்கோளைச் சொல்வர். நிர்வாகத்தில் இருப்பவர்களாகிய நமக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. பெட்டி பழுதானால் யார் வருவார், எங்கிருந்து வருவார், மாற்றுப் பாகம் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே திட்டமிட்டு, பழுது நீக்கும் மையங்களை அமைத்துவிட்டே பெட்டிகளை அனுப்பினார்கள். மேலும், அதே ஒளிபரப்பைக் கொண்டு ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் அளித்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த அந்த ஏற்பாட்டை இன்று நாம் எத்தனை ஒன்றியங்களில் செய்திருக்கிறோம்?

இனி ஆசிரியருக்கு வேண்டிய துணை எத்தகையது என்பதைப் பார்ப்போம்.

வட்டார வள மையத்தில் எண்பது ஆசிரியர்களை ஒரே கூடத்தில் அமர்த்தி, ஒரே ஒரு திரையில், தொழில்நுட்பத்தின் நன்மைகள் என்னும் தலைப்பில் வரிவரியாகப் படித்துக் காட்டுவதைப் பயிற்சி என்று எண்ணியிருந்தோம். அதனால் விளைந்தது பகலுணவும் வருகைச் சான்றும்தாம். எண்பது பேரில் பொத்தானைத் தம் விரலால் தொட்டவர் இரண்டு மூன்று பேரே. நீச்சலைப் படித்துறையில் நின்று கற்றவர் உண்டா? நம் வட்டாரத்து ஆசிரியர் பயிற்றுநர்களுள் ஒருவர் இம்முறையை மாற்றிக் காட்டினார். அவர் கூடத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கே சென்றார். முதல் நாளில் ஆசிரியை திரையைத் தாமே இயக்கி, தாமே அணைத்து, மீண்டும் இயக்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். இரண்டாம் முறை சென்றபோது ஒரே ஒரு பாடத்தை இருவரும் சேர்ந்து தயாரித்தனர். மூன்றாம் முறை ஆசிரியை நடத்த, அவர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து பார்த்தார். ஒரு பள்ளிக்கு மூன்று வருகை. அதற்கு மேல் தேவைப்படவில்லை. கேட்பதற்கு இது மெதுவான வழியாகத் தோன்றும். ஆனால் எண்பது பேரைக் கூட்டிய வழியில் நாம் எவ்வளவு தூரம் போனோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியரின் தயக்கத்திற்குப் பதிவேட்டுப் பயத்தைத் தவிர மற்றொரு காரணமும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர், பிள்ளைகளின் முன்னால் தடுமாற விரும்புவதில்லை. கைபேசியில் பழகிய பிள்ளை, "டீச்சர், அங்கே இல்லை, இங்கே அழுத்துங்கள்" என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். முப்பது ஆண்டுகளாகத் தாம் கட்டிக்காத்த மதிப்புப் போய்விடுமோ என்னும் அச்சம் இயல்பானதே. ஆனால் பாடத்தை எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் புரியாது என்பவை இளைய ஆசிரியருக்குத் தெரியாமல் மூத்தவருக்குத் தெரிந்தவை. ஆகையால் ஒரு குறுவள மையத்தில் மூத்தவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் இணையாகச் சேர்த்தோம். இளையவர் கருவியைச் சொல்லித் தந்தார். மூத்தவர் பாடத்தைச் சொல்லித் தந்தார். இருவருக்கும் கற்பிக்க ஒன்று இருந்ததால் யாருக்கும் தாழ்வு தோன்றவில்லை.

திரையில் எதைக் காட்டுவது? இங்கேதான் ஆசிரியர்கள் அதிகம் தவறுகின்றனர் என்பது நம் எண்ணம். ஒரு பள்ளியில் பசுவைப் பற்றிய காணொளி ஓடிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே இரண்டு பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வாசலில் இருப்பதைத் திரையில் காட்டுவதில் பொருளில்லை. கண்ணுக்கு எட்டாததைக் காட்டவே திரை. உடலுக்குள் இரத்தம் ஓடுவது, நிலவு தேய்ந்து வளர்வதன் காரணம், கடலுக்கு அடியில் உள்ள உயிர்கள், ஆங்கிலச் சொல்லின் சரியான உச்சரிப்பு ஆகியவற்றைச் சுண்ணக்கட்டியால் காட்டுவது கடினம். விதை முளைப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பச்சைப் பயற்றை ஈரத்துணியில் முடிந்து, பிள்ளைகள் நாள்தோறும் பிரித்துப் பார்த்து வரைய வேண்டும். மூன்றாம் நாள், பல நாள் வளர்ச்சியை ஒரு நிமிடத்தில் சுருக்கிக் காட்டும் படத்தைப் போட வேண்டும். முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த ஒரு நிமிடத்தின் அருமை தெரியும்.

நாம் மேலே சொன்ன கடைமடைப் பள்ளியில், போர்வை விலகிய பின் நடந்த ஒரு பாடத்தை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வானிலிருந்து எடுத்த நிலப்படத்தைத் தலைமையாசிரியை திரையில் விரித்தார். முதலில் பள்ளியின் கூரை. பிள்ளைகள் தங்கள் வீட்டையும் கோயிற்குளத்தையும் தேடிப் பிடித்தனர், ஒரே கூச்சல். அவர் அதட்டவில்லை. பிறகு ஊர் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேற்கே போகச் சொன்னார். ஒரு சிறுமி விரலால் திரையை நகர்த்திக்கொண்டே போனாள். வாய்க்கால் அகன்று, மற்றொரு வாய்க்காலில் கூடி, வெண்ணாற்றை அடைந்து, கல்லணைக்கு வந்து சேர்ந்தது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிவதைக் கண்டார்கள். அதற்கும் மேற்கே போய், 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பைக் கண்டதும் வகுப்பு சற்று அமைதியாயிற்று. அப்போது ஒரு பையன், "அங்கே திறந்த தண்ணீர் இத்தனை ஊரையும் தாண்டித்தான் எங்கள் வயலுக்கு வருகிறதா?" என்று கேட்டான். அவன் தகப்பனார் முறைநீருக்காக இரவெல்லாம் மடையில் காத்திருப்பவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். புத்தகத்தில் காவிரியைப் பற்றிய பத்தியை அவன் ஏற்கெனவே ஒப்பித்தவன்தான். ஆனால் அந்தக் கேள்வி இப்போதுதான் வந்தது. ஆசிரியை திரையை அணைத்தார். வரும் வழியில் எந்தெந்த ஊர்கள் நீரெடுக்கும் என்று நோட்டில் வரையச் சொன்னார். திரை ஓடியது பன்னிரண்டு நிமிடம். வரைந்ததும் பேசியதும் அரைமணி நேரத்திற்கு மேல்.

இந்த அளவு பொருத்தமானது என்று நமக்குத் தோன்றுகிறது. தொடர்ந்து நாற்பது நிமிடம் படம் ஓடினால் வகுப்பறை கொட்டகை ஆகிவிடும். பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி, மூன்று நான்கு நிமிடப் படம், நிறுத்திப் பேச்சு என்பதே நல்ல வரிசை. ஓர் ஆசிரியர் ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டி, நடப்பதைப் பிள்ளைகளையே சொல்ல வைக்கிறார். செலவில்லாத உத்தி, பேசத் தயங்கும் பிள்ளைகூட வாயைத் திறக்கிறது.

ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளுக்கு மற்றொரு பயனும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரிக்கப்படுகின்றனர். மூன்று நிலைகளுக்கும் ஒருவரே கற்பிப்பதானால், ஒரு குழுவிடம் அவர் பேசும்போது மற்றக் குழுக்கள் சும்மா இருக்கும். கதைப்பாடலையோ எண் விளையாட்டையோ ஒரு குழுவுக்குத் திரையில் வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டவும் தெரியாத அரும்பு நிலைப் பிள்ளைகளோடு ஆசிரியர் அமர முடியும். திரையின் முன் இருக்கும் குழுவைவிட, திரையின் தயவால் ஆசிரியர் கிடைத்த குழுவுக்கே இலாபம் அதிகம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. அந்த இடைவெளியில் எழுத்தை மறந்த பிள்ளைகளின் நிலையை நேரில் கண்டவர்களுக்கு, ஓர் ஆசிரியரின் அரைமணி நேரம் எவ்வளவு விலையுள்ளது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கருவி வந்ததால் தங்கள் கற்பிக்கும் நேரம் குறைந்துவிட்டதாக ஆசிரியர்கள் முறையிடுகின்றனர். வருகைப் பதிவு, உணவு உண்டவர் எண்ணிக்கை, காலணி அளவு, தேர்வு மதிப்பெண் என்று ஓயாமல் விவரங்களை ஏற்ற வேண்டியிருக்கிறது. சமிக்ஞை கிடைக்காத ஊரில் ஆசிரியர் வேப்பமரத்தடிக்கும் மாடிக்குமாக நடக்கிறார். இம்முறையீடு முற்றிலும் நியாயமானது. வேறு துறைகளிலிருந்து செல்லும் நாமும், போகிற போக்கில் ஒரு புள்ளிவிவரத்தைக் கேட்டுவிட்டு வருகிறோம். ஒரே விவரத்தை இரண்டு அலுவலகங்கள் கேட்காமலிருப்பதே நாம் ஆசிரியருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி. நம் ஒன்றியத்தில் கட்டட விவரங்களை இப்போது நம் பொறியாளர்களே நேரில் எடுத்துக்கொள்கின்றனர்.

வீட்டுப் பாடத்தைக் கைபேசியில் அனுப்பும் பழக்கம் சில இடங்களில் பரவுகிறது. பல வீடுகளில் ஒரு கைபேசியே உண்டு. அதுவும் காலையில் தகப்பனாரோடு வயலுக்கோ தாயாரோடு நூறு நாள் வேலைக்கோ போய்விடும். அப்பிள்ளை மறுநாள் வெறுங்கையோடு நிற்கும்படி செய்யலாகாது. பிள்ளைகளின் படங்களை ஊரறியப் பரப்புவதையும் பெற்றோரின் சம்மதமின்றிச் செய்யலாகாது.

இனிப் பஞ்சாயத்துகள் செய்ய வேண்டியவை. ஆசிரியர் எவ்வளவு தேர்ந்தவராயினும், மின்சாரம் சரியாக இல்லையென்றால் இரண்டு முறை முயன்று மூன்றாம் முறை விட்டுவிடுவார். பாடத்தின் நடுவில் திரை அணைந்தால் வகுப்பைத் திரும்பக் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவரே அறிவர். நாற்றங்கால் காலத்தில் மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது கடைசிக் கம்பத்துப் பள்ளியில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடுகிறது. மின்னழுத்தச் சீராக்கியும், அரைமணி நேரமாவது தாங்கும் மின்கலமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்கலம் வருடக் கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தால் திடீரென்று கைவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக நில இணைப்பைப் பாருங்கள். கோடையில் மண் காய்ந்துவிட்டால் நில இணைப்பு வலுவிழக்கிறது. குழியில் அவ்வப்போது தண்ணீர் விட வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. உலோகச் சட்டமிட்ட கருவியைப் பிள்ளைகள் தொடுகிறார்களாகையால் இது உயிர் சம்பந்தமான விஷயம். பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் நாள்தோறும் அவ்வழியே செல்பவர். குழியில் நீர் ஊற்றுவதையும், திரை எரிகிறதா என்று கேட்டுவருவதையும் அவரிடம் ஒப்படைக்கலாம். வயரில் கை வைக்கும் வேலையை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

இணையத்தைப் பொறுத்தமட்டில், அது எந்நேரமும் ஓட வேண்டும் என்னும் அவசியமில்லை. ஒரு மணி நேரக் காணொளி நடுத்தரத் தெளிவில் ஓடினாலே அரை ஜிகாபைட்டுக்கு மேல் செலவாகிறது. மறுநாள் பாடத்திற்கு வேண்டிய நான்கு நிமிடப் படத்தை முதல் நாளே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை. 2018-ஆம் ஆண்டு முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் பாடத்தோடு அச்சிடப்பட்ட விரைவுக் குறியீட்டைக் கைக்கணினியின் முன் காட்டினால் உரிய படம் வந்துவிடும். பஞ்சாயத்து அலுவலகத்தில் கண்ணாடி இழை இணைப்பு நன்றாக இயங்கும் ஊர்களில், ஆசிரியர் மாலையில் அங்கே வந்து இறக்கிக்கொள்ள ஒரு நாற்காலியும் மேசையும் கொடுத்தால் போதும்.

பழுது பார்ப்பதற்குச் சிறு தொகை ஒன்று கைவசம் இருக்க வேண்டும். ஓர் இணைப்பு வயர் அறுந்ததற்காக மாவட்டத்திற்கு எழுதி நான்கு மாதம் காத்திருந்த பள்ளியை நாம் அறிவோம். பள்ளி மானியம், பஞ்சாயத்தின் பொது நிதி, 2022 டிசம்பரில் தொடங்கப்பெற்ற 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டத்தின் வழி வரும் முன்னாள் மாணவர் நன்கொடை ஆகியவற்றில் எது பொருந்துமோ அதைப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானிக்கலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அங்கத்தினரில் பாதிப்பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் இருக்கின்றனர். குழுக் கூட்டத்திற்குச் செல்லும்போது, திரை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். சென்ற வாரம் அதில் எந்தப் பாடம் நடந்தது என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு பாடத்தை உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியரைச் சோதிக்கும் தோரணையில் அன்று. வயலைப் பற்றிய பாடமானால் உங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டும் வரலாம்.

கடைமடைப் பள்ளியின் தலைமையாசிரியை அண்மையில் நம் அலுவலகத்திற்கு வந்திருந்தார். தனியார் பள்ளி வேனில் சென்றுகொண்டிருந்த மூன்று பிள்ளைகள் இவ்வாண்டு அவருடைய பள்ளிக்குத் திரும்பியிருக்கின்றனர். அது திரையாலா, வேன் கட்டணம் உயர்ந்ததாலா என்று தமக்குத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வந்த காரியம் வேறு. திரை இருக்கும் அறையில் பிற்பகல் வெயில் நேராக விழுவதால் படம் தெளிவாகத் தெரியவில்லையாம். மேற்குச் சன்னலுக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்றும், பக்கத்து அறைக்கு ஒரு மின்புள்ளி வேண்டும் என்றும் மனுக் கொடுத்தார். மதிப்பீடு தயாராகிவிட்டது. அடுத்த கிராம சபையில் வைக்கும்படி ஊராட்சிச் செயலரிடம் கூறியிருக்கிறோம்.